செய்முறை எழுதுவதற்கும் ஓர் உதவித்தொகைப் போட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டராக வேலை பார்க்கிறேன். ஒன்றை எப்படி நிறுவுவது, எப்படிப் பயன்படுத்துவது, கோளாறு வந்தால் என்ன செய்வது என்று படிப்பவருக்குப் புரியும்படி எழுதித் தருவதுதான் எங்கள் தொழில். ஆள் எடுக்கும்போது, நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்கூட ஒரு சின்னச் செய்முறையை வரிசையாக எழுதத் திணறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் யாரும் அதை எழுதச் சொல்வதே இல்லையே.

போட்டிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு 2022 முதல் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு நடத்தி, 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தருகிறது தமிழக அரசு. நல்ல திட்டம், தொடர வேண்டும். ஆனால் அது கொடுத்த விடைகளில் சரியானதைக் குறிக்கும் தேர்வு. மற்றபடி தலைவர்கள் பிறந்தநாளுக்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி. மேற்கோளும் அடுக்குமொழியும் கைவந்தவர்களுக்குப் பரிசு கிடைக்கிறது, தெளிவாக விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு மேடையே இல்லை.

அமெரிக்காவில் 1953இல் வேர்விட்ட சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர் அமைப்பின் சில கிளைகள், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே தொழில்நுட்ப எழுத்துப் போட்டி நடத்திப் பணப் பரிசும் கொடுத்துவந்தன. பண நெருக்கடியால் அந்த அமைப்பே 2025 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது, எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பெரிய வருத்தம் அது. செய்முறை எழுதும் போட்டி ஒன்றை இங்கே தொடங்குவதானால் பள்ளிக் கல்வித்துறையே பொறுப்பேற்று, மற்ற உதவித்தொகைகளைப் போல ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்று நான் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்ன எழுதச் சொல்லலாம்? வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்குக் கெடுதலாகும். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், சர்க்கரை சேர்க்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இதையெல்லாம் பதற்றத்தில் இருக்கும் ஒரு பாட்டி படித்துத் தவறாமல் செய்யும்படி எழுத வேண்டும், லிட்டரை எப்படி அளப்பது என்பதையும் சேர்த்து. எழுதிப் பார்த்தால்தான் இது எவ்வளவு கடினம் என்று தெரியும்!

மதிப்பெண் போடுவதும் வேறு மாதிரி இருக்க வேண்டும். அந்த வேலையே தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், அவர் எந்த வரியில் நிற்கிறார், எங்கே திரும்பிப் படிக்கிறார் என்று பார்த்தால் போதும், கையெழுத்துக்கும் முன்னுரைக்கும் மதிப்பெண் வேண்டாம்.

பதினோராம் வகுப்பிலிருந்து தொடங்கலாம். தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களையும் ஐ.டி.ஐ. பிள்ளைகளையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், மோட்டாரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நுழைவுக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அரசு முடிவெடுக்கும்வரை உங்கள் நாளிதழே மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு செய்முறையைக் கேட்டு வெளியிடலாமே. வருகிறவற்றைப் படித்துத் திருத்தித் தர நான் தயார்.

— ஒரு வாசகர், சென்னை