மோட்டாருக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கொழிஞ்சாம்பாறை

அன்பு அம்மிணிக்கு,

வீட்டின் முன்னறையில் மசாலாப் பொடி அரைத்து விற்கப்போவதாகவும், 3 எச்.பி. மோட்டாருக்கு முன்பணம் கொடுக்கவிருப்பதாகவும் நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். "சின்னம்மா வீட்டில் நடக்கவில்லையா, அப்பா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சின்னம்மா இங்கே நடத்துவது கேரளத்தின் 2019-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டத்தின்படி. அதன்படி உறுதிமொழி கொடுத்து ஒப்புகைச் சான்றிதழ் பெற்றால், உரிமங்கள் இல்லாமலே 3 ஆண்டுகள் சிறுதொழில் நடத்தலாம். அதன்பின் 6 மாதங்களுக்குள் அவற்றை வாங்கிவிட வேண்டும். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தை மீறி நிரப்பிய நிலத்துக்கு அந்தச் சலுகையும் கிடையாது. மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அந்தச் சட்டம் உனக்குத் துணை வராது.

கோயம்புத்தூரில் உன் வீடு 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்துக்கும், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்கும் உட்பட்டது. அது பெரும்பாலும் வீடுகளுக்கான முதன்மைக் குடியிருப்புப் பகுதியா, வேறு பயன்பாடுகளும் கலந்த கலப்புக் குடியிருப்புப் பகுதியா என்பதைப் பொறுத்து, எந்தத் தொழில், எவ்வளவு மோட்டார்த் திறன் என்பதெல்லாம் மாறும். அடுத்த தெருவில் மாவு மில் ஓடுகிறது என்பது உனக்கு அனுமதி ஆகாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம் வேண்டும். ஆனால் அது சுத்தத்தைப் பற்றியது, இடத்தைப் பற்றியதன்று. வீட்டு மின் இணைப்பில் மோட்டாரை ஓட்டிவிடாதே.

நீ ஏழாம் வகுப்பு படித்தபோது நம் திண்ணை மில் மூன்று மாதம் நின்றது உனக்கு நினைவிருக்கும். ஏன் நின்றது என்று நான் அப்போது சொல்லவில்லை. சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலைச் சாக்கால் அடைத்திருந்தேனே தவிர, மிளகாய் நெடி கூரை இடுக்கு வழியே அடுத்த வீட்டுத் தொட்டில்வரை போனதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பிள்ளை இருமி இருமி நீலம் பாரித்ததும் அவர்கள் புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி மோட்டாரின் தகட்டைத் துடைத்துத் திறனைக் குறித்துக்கொண்டு, "இது குடியிருப்பு வீடு" என்று ஒரே வரி எழுதினார். அது நியாயமான வரி. மில்லுக்காக வாங்கிய கடனுக்கு உன் அம்மாவின் வளையல் போயிற்று.

ஆகவே மோட்டார்க்காரரிடம் பத்து நாள் அவகாசம் கேள். வீட்டு உரிமையாளரிடம் சம்மதத்தை எழுத்தில் வாங்கு, புல எண்ணையும் (சர்வே எண்) கேட்டு வை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போய் நில உபயோக வரைபடத்தைப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா