ஐந்து நாளும் ஒன்றரை நாளும்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள சரோஜா,

உன் தம்பி பேரனை ஆபரேஷன் முடிந்து ஒன்றரை நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாமே. நல்ல செய்தி. இரைப்பையின் வெளிவாய்த் தசை தடித்துப் பால் இறங்காமல் போவதற்கான அதே ஆபரேஷனுக்கு எங்கள் பேரனை ஐந்து நாள் வைத்திருந்தது பணத்துக்காகவா என்று கேட்டிருந்தாய். இல்லை. இரண்டரை நாள் ஆபரேஷனுக்கு முன்பே போய்விட்டது.

பிறந்த நான்காவது வாரத்தில் ஆரம்பித்தது. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் பீய்ச்சி அடிப்பான். மஞ்சளோ பச்சையோ கிடையாது, வெறும் பால். அடுத்த நிமிடமே பசித்து அழுவான். முதலில் காட்டிய இடத்தில் எதுக்களிப்பு என்று சொட்டு மருந்து தந்தார்கள். சம்பந்தியம்மா தொக்கம் எடுக்கலாம் என்றார். வார்டில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவள் நான், ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஸ்கேனில், இரைப்பையிலிருந்து குடலுக்குத் திறக்கும் அந்த வாயின் தசை 5 மில்லிமீட்டர் தடிப்பு. 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது. நம் காலத்தில் வயிற்றைத் தடவி, சின்ன நெல்லிக்காய் போல உருள்கிறதா என்று டாக்டர் பார்ப்பாரே, அதேதான். ஆபரேஷனும் 1912-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டெட் வகுத்த முறைதான்: தடித்த தசையை நீளவாக்கில் கீறி விரித்துவிடுவது, உள்சவ்வில் கத்தி படாமல். இன்று லேப்ராஸ்கோப்பியிலும், அதாவது சின்னத் துளைகள் வழியாகவும், செய்கிறார்கள்.

ஆனால் அவசரமாக உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாந்தியோடு இரைப்பை அமிலம் போய், ரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் இறங்கியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மயக்கம் கொடுத்தால் பிறகு மூச்சு நின்றுபோகிற அபாயம் உண்டு. எங்கள் பிள்ளை வற்றிப்போய் வந்தான், அதனால் இரண்டரை நாள் ட்ரிப்ஸ். உன் தம்பி வீட்டில் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள்.

அதனால்தான் நாள் கணக்கை மட்டும் வைத்து ஆஸ்பத்திரிகளை ஒப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து சேரும் பிள்ளைகளை நினைத்துப் பார். தாமதமாக வந்த பிள்ளை அதிக நாள் படுத்தால் அது அந்த வார்டின் குறையா?

கேட்க வேண்டியது வேறு. உள்சவ்வு ஓட்டையானது எத்தனை பேருக்கு? தசை முழுதாகப் பிளக்காமல் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது எத்தனை பேருக்கு? ஓட்டை விழுந்தாலும் அப்போதே பார்த்துத் தைத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும், கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து. குழாயில் காற்று செலுத்திச் சோதித்தார்களா என்று நான் கேட்டேன், சர்ஜன் பொறுமையாகச் சொன்னார். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஒப்பீடுகளில், இதையே அடிக்கடி செய்யும் குழந்தை சர்ஜன்களிடம் ஓட்டை விழுவது குறைவாக இருந்திருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் இருப்பதும் அதே அளவு முக்கியம். இந்தக் கணக்கை நம் ஊர் ஆஸ்பத்திரிகள் எல்லாம் எழுதி வைத்து, சேர்ந்த அன்று பிள்ளை இருந்த நிலையையும் சேர்த்து வெளியே சொல்ல வேண்டும். பெற்றவர்கள் கேட்டால்தான் அது நடக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகும் ஒன்றிரண்டு தடவை கக்கினான். அப்படி வரும் என்று சொல்லியிருந்ததால் மருமகள் பயப்படவில்லை. இப்போது 5 கிலோவைத் தாண்டிவிட்டான்.

சரி, தம்பியிடம் டிஸ்சார்ஜ் சம்மரி நகல் ஒன்று வாங்கி அனுப்பு. சேர்த்த அன்றைய ரத்தப் பரிசோதனைப் பக்கம் கட்டாயம் இருக்கட்டும். எங்களுடையதை இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
விமலா