ஆட்டு ரோமம் தந்தவர்களுக்கும் அதை அலசித் தந்தவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த வருடம் நெய்த சால்வை, போர்வை, பின்னல் நூல் எல்லாம் விற்றுவிட்டன. ரோமம் கொடுத்த குடும்பங்களுக்கும் பாக்கி வைக்காமல் பணம் கொடுத்துவிட்டோம். ஊட்டியில் வாங்கிப் போகிறவர்கள் நெசவைத்தான் பாராட்டுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அதில் பெரும்பங்கு தறிப் பக்கமே வராதவர்களுக்குச் சேர வேண்டியது. அதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, ஆடு வைத்திருப்பவர்களுக்கு. நீலகிரி செம்மறி சாதாரண ஆடு இல்லை. கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து, 19-ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் உருவான இனம். குளிரையும் ஈரத்தையும் தாங்கும், நல்ல மெல்லிய ரோமம் தரும். மேய்ச்சல் நிலம் தேயிலையாகவும் காய்கறித் தோட்டமாகவும் மாறிய பிறகு பலர் மந்தையை விற்றுவிட்டார்கள். ரோமத்தைக் கேட்க ஆளில்லாமல் குழியில் கொட்டி மூடிய காலத்திலும் நீங்கள் ஆட்டை விடவில்லை.

அதோடு நாங்கள் கேட்டதையெல்லாம் செய்தீர்கள். ஓடையில் குளிப்பாட்டி, நன்றாகக் காயவிட்டு, இரவு தீனி போடாமல் அடைத்து வைத்துக் காலையில் கத்தரித்தீர்கள். வயிறு, கால் பக்கத்து ரோமத்தைத் தனியாக ஒதுக்கினீர்கள். ஒரே இடத்தில் இரண்டு தடவை கத்தரி ஓடினால் ரோமம் பொடிப்பொடியாக விழும். அது நூலில் நிற்காது, சால்வையில் உருண்டை உருண்டையாகக் கிளம்பிவிடும். இதைச் சொன்னதும், காலமெல்லாம் வேறு மாதிரி கத்தரித்துப் பழகிய பெரியவர்கள்கூட எங்களுக்காகக் கையை மாற்றிக்கொண்டார்கள். இந்தத் தொழில் நிலைத்ததே அதனால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

சாண்டிநல்லா செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர்களுக்கு நன்றி. இந்த இனம் அழியாமல் காப்பதில் அந்த நிலையத்தின் பங்கு பெரியது. எந்தக் கிடாவை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழிக்கலாம் என்று ரோமத்தை விரலால் பிரித்துக் காட்டிச் சொல்லித் தந்தீர்கள்.

ரோமம் அலசும் அக்காக்களே, உங்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆட்டு நெய்ப்பசை போக வெந்நீர் வேண்டும், ஆனால் கசக்கக் கூடாது. சூட்டிலிருந்து சட்டென்று பச்சைத் தண்ணீருக்கு மாற்றவும் கூடாது, எல்லாம் சிக்கி ஜமுக்காளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆவியில் முகம் வேக, பொறுமையாக அமுக்கி அமுக்கி எடுத்தீர்கள். ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கியதும் நீங்கள்தான். மழைக்காலத்தில் காயவைக்க இடமில்லாமல் தவித்தபோது, மூடிக் கிடந்த தன் தேயிலை ஃபேக்டரியின் இலை வாட்டும் மாடியைத் திறந்துவிட்ட ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது! வாடகை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயிலிருந்து வந்து தங்கி, கம்பளி நெசவு கற்றுத்தந்த அண்ணனுக்கு வணக்கம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்துகொண்டே இருந்தது. அதற்குப் பூசும் புளியங்கொட்டைக் கஞ்சியை எந்தப் பதத்தில் காய்ச்சுவது, தூரிகையை எந்தப் பக்கம் இழுப்பது என்று கூடவே நின்று காட்டினார். அவர் பேசியது கன்னடம், எங்கள் பெண்கள் பேசியது படுகு, கன்னடத்துக்கு நெருக்கமான படுகர் மொழி. மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

அப்புறம், வாடை அடிக்கும் மூட்டைகளை முகம் சுளிக்காமல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்ட கண்டக்டர்களுக்கும், கழிவு ரோமத்தைக் கேரட் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விவசாயிகளுக்கும் நன்றி.

அடுத்த கத்தரிப்புக்குக் கோணிப்பைகளை நாங்களே கொண்டுவந்து தருகிறோம். பிளாஸ்டிக் சாக்கின் இழை ரோமத்தில் கலந்தால் பிரித்தெடுக்கவே முடிவதில்லை. விலையையும் கத்தரிப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடலாம்.

அன்புடன்,
நூற்பவர்கள், நெய்பவர்கள், பின்னுபவர்கள் எல்லோர் சார்பிலும்