டிமாக் ஊரில் பிறகு நடந்ததையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தடிப் பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எரிவாயு எடுப்பது (ஃப்ராக்கிங்) குறித்த அச்சங்களை மறுக்கும் ஆவணப்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாமே கம்பெனிப் பிரசாரம் என்று ஒதுக்காமல் அவற்றின் வாதத்தை எடுத்துப் பேசியது நல்ல விஷயம். இந்த முறையை எதிர்த்து 2010-இல் வந்த ‘கேஸ்லேண்ட்’ ஆவணப்படத்தில், கொலராடோவில் ஒரு வீட்டுக் குழாய்த் தண்ணீர் தீப்பற்றி எரியும். அந்த வீட்டுக் கிணற்றில் இருந்தது இயற்கையாக உண்டான மீத்தேன் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் முன்பே சொல்லியிருந்தது. படம் அதை மறைத்தது தவறுதான். அதற்கு மறுப்பாக 2013-இல் வந்த ‘ஃப்ராக்நேஷன்’ ஆவணப்படம் அதைத் தட்டிக் கேட்டது நியாயம்.

ஆனால் ஒரு காட்சியை வைத்து, அச்சம் மொத்தமும் பொய் என்று தாவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆயிரம் அடி ஆழத்தில் பாறையை உடைப்பதால் மேலே குடிநீர் கெடாது என்கிறார்கள். சரி, அந்த ஒரு கட்டத்தில் அப்படியே இருக்கட்டும். மற்ற கட்டங்கள்? துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாயைச் சுற்றிய சிமென்ட் சரியாகப் பிடிக்காவிட்டால், அந்த இடுக்கு வழியாக வாயு ஏறி நிலத்தடி நீரில் கலக்கும். மேலே ரசாயனம் சிந்தும். கழிவுநீரை வேறு அப்புறப்படுத்த வேண்டும்; அதை ஆழத்தில் செலுத்தியதால்தான் ஓக்லஹோமாவில் நிலநடுக்கங்கள் பெருகின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2015 வரைவு அறிக்கையில், குடிநீருக்குப் பரவலான பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று ஒரு வரி இருந்தது. தரவு போதாது என்று 2016 இறுதி அறிக்கையில் அதை எடுத்துவிட்டார்கள்.

பென்சில்வேனியாவின் டிமாக் ஊருக்கு ‘ஃப்ராக்நேஷன்’ குழுவும் போனது. தண்ணீர் கெட்டுவிட்டது என்ற மக்களின் புகாரைச் சந்தேகத்தோடுதான் அந்தப் படம் காட்டியது. 2022 நவம்பரில், அங்கே துளையிட்ட கேபட் நிறுவனத்தின் வாரிசான கோட்டெரா, தண்ணீரைக் கெடுத்ததாகச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாடவில்லை. ஊருக்குப் பொதுக் குடிநீர் இணைப்பு கொடுக்க 1.6 கோடி டாலருக்கும் மேல் தரவும் ஒப்புக்கொண்டது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அத்தனை வருடம் வெளியிலிருந்து வந்த தண்ணீரை நம்பி வாழ்ந்தவர்களை, மிகைப்படுத்துகிறவர்கள் என்று வாசகர் நினைக்க விட்டுவிடலாமா?

எந்தத் தரப்புப் படமானாலும், அதற்குப் பணம் போட்டது யார், படம் வந்த பிறகு அந்த ஊரில் என்ன நடந்தது என்ற இரண்டையும் இனி விமர்சனத்தோடு சேர்த்தே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்