கோடு போடாத வரிகள்

அன்புள்ள கண்ணா,

புத்தகம் வந்து சேர்ந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உள்ளே கடிதம் இருக்கும் என்று நினைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். இல்லை. முதல் வெற்றுத் தாளில் ஒரே ஒரு வாக்கியம்: கலைக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்பதும் ஓர் அரசியல் நிலைப்பாடுதான், ஜார்ஜ் ஆர்வெல், 1946. அம்மாவுக்கு என்றும் இல்லை, அப்பாவுக்கு என்றும் இல்லை. யாருக்காக எழுதினாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

நான் முழுவதும் படித்துவிட்டேன். நம் எழுத்தாளரின் புது நாவல் வீட்டுக்கு வந்தால் யார் முதலில் படிப்பது என்று நீயும் அப்பாவும் சண்டை போடுவீர்கள். என் முறை வருவதற்குள் அட்டை கிழிந்திருக்கும். இந்தமுறை போட்டிக்கு ஆள் இல்லை. அப்பா 112-ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஆனால் ஒரு பழைய ரசீதை அடையாளத்துக்கு வைத்துத்தான் மூடியிருக்கிறார். அதையும் கவனி.

112-ஆம் பக்கம் எது என்று உனக்குத் தெரியும். மனைவி சாகக் கிடக்கிறாள். மகள் தண்ணீர் டம்ளரை அவள் உதட்டருகே கொண்டுபோகிறாள். அந்த நேரம் பார்த்துக் கிழவர் நிலச் சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். மூன்று பக்கம். எந்த ஆண்டு எந்தத் திருத்தம் வந்தது, யார் யாரை ஏமாற்றினார்கள், இனி இளைஞர்கள் என்ன செய்ய வேண்டும், எல்லாம் வருகிறது. டம்ளர் மட்டும் அந்தரத்திலேயே நிற்கிறது. ஒரு மிடறு கொடுத்துவிட்டுப் பேசினால் என்ன குறைந்துவிடும்? இத்தனைக்கும் இதே எழுத்தாளர்தான் பழைய நாவலில், கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த கிழவி விரலைச் சேலைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டே வெளியே போவதை நாலே வரியில் எழுதினார். மை போகவில்லை, அவளும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அதில் இல்லாத அரசியலா? அந்த வட்டிக்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்தக் கிழவர் திட்டுகிற ஆட்களின் பெயர் எனக்கு இப்போதே மறந்துவிட்டது.

கதை கேட்க வந்தவனிடம் துண்டுப் பிரசுரத்தை நீட்டுகிறார் என்கிறார் அப்பா. அதையும் நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய நாவல்களில் இவர் அப்பா பக்கத்துக் கருத்துகளைச் சொன்னபோது, அந்தப் பக்கங்களை அப்பா கூடத்தில் உட்கார்ந்து நமக்கு உரக்கப் படித்துக் காட்டவில்லையா? அப்போது அது பிரசாரமாக அவருக்குத் தோன்றவில்லை. நீ அப்போது எழுந்து உள்ளே போய்விடுவாய். இப்போது எழுத்தாளர் பக்கம் மாறிவிட்டார், எழுந்து போகிறவரும் மாறிவிட்டார். ரஷ்யாவில் கட்கோவ் என்ற பத்திரிகை ஆசிரியர் செய்ததும் இதுதான். 1877-இல் 'அன்னா கரீனினா'வின் கடைசிப் பகுதியை வெளியிட முடியாது என்றார். செர்பியாவுக்குச் சண்டை போடக் கிளம்பிய தொண்டர்களைப் பற்றி டால்ஸ்டாய் அதில் ஏளனமாக எழுதியிருந்தார். கட்கோவோ அந்தப் போரை ஆதரித்தவர். கதாநாயகி இறந்ததோடு கதை முடிந்துவிட்டது என்று வாசகர்களுக்குச் சொல்லிவிட்டார். டால்ஸ்டாய் அந்தப் பகுதியைத் தனி நூலாகப் போட வேண்டியதாயிற்று. நாவலில் அரசியல் வந்ததற்காகவா கட்கோவுக்குக் கோபம்? தன் அரசியல் வரவில்லை என்றுதான். இதை அப்பாவிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்காக நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. நீ மேற்கோள் எடுத்த ஆங்கில எழுத்தாளர் ஆர்வெலின் கட்டுரை நம் வீட்டிலேயே இருக்கிறது, நீ கல்லூரியில் படிக்கும்போது வாங்கியதுதான். எடுத்து முழுவதும் படித்தேன். நீ எழுதி அனுப்பிய வரி அதில் இருக்கிறது. ஆனால் அழகுணர்ச்சிக்கும் இடம் தராத ஒரு புத்தகத்தைத் தன்னால் எழுதவே முடியாது என்றும் அதே கட்டுரையில் சொல்கிறார். அதை ஏன் எழுதி அனுப்பவில்லை? ஸ்பெயின் போரைப் பற்றி 1938-இல் வந்த தன் புத்தகத்தையும் அவரே எடுத்துக்கொள்கிறார். அதில் ஒரு நீண்ட அத்தியாயம் முழுக்கப் பத்திரிகை மேற்கோள்கள். தான் மதிக்கிற விமர்சகர் ஒருவர், நல்ல புத்தகமாக வந்திருக்க வேண்டியதை இதழியல் ஆக்கிவிட்டீர்களே என்று கடிந்துகொண்டாராம். அவர் சொன்னது உண்மைதான், ஆனாலும் என்னால் வேறுவிதமாக எழுதியிருக்க முடியாது, ஏனென்றால் குற்றமற்றவர்கள் மீது பொய்ப் பழி சுமத்தப்படுவது எனக்குத் தெரிந்திருந்தது என்கிறார் ஆர்வெல். அந்த இடத்தில் எனக்கும் வாயடைத்துப்போனது. யாரோ ஒருவரைக் காப்பாற்றுவதற்காக ஒருவர் தன் புத்தகத்தைத் தெரிந்தே கெடுத்துக்கொண்டால் நான் எப்படிக் குறை சொல்வேன்? நம் எழுத்தாளரின் கிழவர் யாரைக் காப்பாற்றப் பேசுகிறார்? அதைச் சொல், நானும் உன் பக்கம் வந்துவிடுகிறேன்.

உன் அத்தை மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மாடி அறைக்கு வெள்ளை அடித்தோம், உன் மேஜையை நகர்த்தவில்லை. அப்பாவுக்கு இடது கண்ணில் ஏதோ பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதை அவரே சொல்வார், நீ பேசினால்.

நீ பென்சிலால் கோடு போட்ட இடங்களையெல்லாம் பார்த்தேன். எல்லாம் நாவலில் மகனாக வருகிறவன் பேசுகிற இடங்கள். அழுத்திப் போட்டதில் ஓரிடத்தில் தாளே கிழிந்திருக்கிறது. அப்பாவாக வருகிறவர் பேசும் ஒரு வரிக்குக்கூடக் கோடு இல்லை. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, கோடு போடும்படியாக ஒரு வரியைக்கூட எழுத்தாளர் அந்த மனிதருக்குக் கொடுக்கவில்லை. வாயைத் திறந்தால் அசட்டுத்தனம், மூடினால் கோழைத்தனம். முப்பது வயதுவரை அந்தப் பையனை வளர்த்தவர் ஒருநாள்கூட ஒரு சரியான வார்த்தை பேசியிருக்க மாட்டாரா? எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான், நிலச் சட்டத்தில் இல்லை. நிலச் சட்டத்தைப் பற்றி அந்தக் கிழவர் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் 1862-இல் தந்தைகளையும் மகன்களையும் பற்றி எழுதிய நாவலை நீ பதினாறு வயதில் ஒரே மூச்சில் படித்தாய். அதில் நாயகனாக வரும் இளைஞன் பசாரோவ் மாதிரி தலைமுடி வளர்த்துக்கொண்டு திரிந்தாய். அதுவும் அரசியல் நாவல்தான். எங்களைக் கேலி செய்துவிட்டார் என்று அன்றைய இளைஞர்கள் பலர் கொதித்தார்கள். இளைஞர்களின் காலில் விழுந்துவிட்டார் என்று மறுபக்கத்துப் பெரியவர்கள் பொரிந்தார்கள். கலையைப் பற்றிய கருத்துகள் நீங்கலாக, பசாரோவின் நம்பிக்கைகள் ஏறக்குறைய எல்லாமே எனக்கும் உடன்பாடு என்று துர்கனேவ் பிற்பாடு எழுதினார். அப்படி உடன்பாடு உள்ள மனிதர், பசாரோவின் பெற்றோரை எப்படி எழுதியிருக்கிறார் என்று இப்போது ஒருமுறை எடுத்துப் படி. மூன்று வருடம் கழித்து வீட்டுக்கு வந்த மகன் மூன்றே நாளில் கிளம்புகிறான். மூன்று வருடத்துக்குப் பிறகு மூன்று நாள் கொஞ்சம் குறைச்சல்தான் என்று அந்த அப்பா முணுமுணுக்கிறார். அந்த அம்மாவோ, இன்றைக்கு மகனுக்கு எந்த சூப் வைப்பது என்று கணவரிடம் ரகசியமாகக் கேட்கிறாள். நீயே அவனைக் கேளேன் என்கிறார் அவர். ஐயோ, அவனுக்குத் தொந்தரவாக இருக்குமே என்கிறாள்.

கதையைத்தான் சொல்கிறேன். பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் நடந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அன்று நீயும் அப்பாவும் பேசியது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. இரண்டு பேருமே மேடையில் நிற்கிறவர்கள் மாதிரிதான் பேசினீர்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம்.

உன் கட்டுரை வந்த இதழை அப்பா வாங்கிவந்தார். இரண்டு பிரதி. எதற்கு இரண்டு என்று கேட்டேன், பதில் இல்லை. நானும் படித்தேன். நன்றாக எழுதுகிறாய் கண்ணா, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாத தெளிவு உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் நீ யாரை எதிர்த்து எழுதுகிறாயோ அவருக்கு அந்தக் கட்டுரையில் வாய் இல்லை. அவர் என்ன சொல்வார் என்று நாலு வரி, அவரே படித்தாலும் ஆமாம் என்று தலையாட்டும்படி எழுதிவிட்டு, அப்புறம் வெட்டு. வெட்டு இன்னும் ஆழமாக விழும். உனக்குத் தெரியாததா. இருந்தாலும் சொல்கிறேன், முன்பும் சொல்லியிருக்கிறேன்.

இனி இவர் புத்தகம் எதையும் வாங்க மாட்டேன் என்று அப்பா அறிவித்திருக்கிறார். நான் வாங்குவேன். ஒரு புத்தகத்தில் மூன்று பக்கம் மேடை ஏறினார் என்பதற்காக இத்தனை வருடப் பழக்கத்தை விட்டுவிட முடியுமா? நாளைக்கு இதைவிட மோசமாக ஏதாவது எழுதினாலும் திட்டிக்கொண்டேதான் படிப்பேன். திட்டுவதற்கும் உரிமை வேண்டும், அது வாசகருக்கு உண்டு. மூடிவைத்துவிட்டால் திட்டக்கூட முடியாது.

112-க்குப் பிறகு என்ன ஆகிறது என்று நேற்று ராத்திரி அப்பா என்னைக் கேட்டார். சும்மா கேட்கிற மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. எனக்குச் சரியாகச் சொல்ல வராது, அவனுக்குத்தான் பாதிப் புத்தகம் மனப்பாடம் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை.

ராத்திரி கண் விழிக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. அப்பாவுடைய எண்ணுக்கே கூப்பிடு. என்னுடையதற்குக் கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா