பிரிண்டரின் விலையோடு மையின் கணக்கையும் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் தட்டச்சு, நிழற்பிரதிக் கடை நடத்துகிறேன். கடந்தகால வினாத்தாள், வாடகை ஒப்பந்தம், விசா விண்ணப்பம், மரண அறிவித்தல், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலர் என்று காலை முதல் இரவு வரை அச்செடுப்பதுதான் பிழைப்பு. வீட்டில் பிரிண்டர் இருந்தும் அதற்கு மை வாங்கி மாளாமல் என்னிடம் வருகிறவர்களின் தொகை கூடிக்கொண்டே போகிறது. எனக்கு வியாபாரம்தானே என்று பேசாமல் இருக்க மனம் வரவில்லை. வருகிறவர்களில் பலர் பிள்ளைகளின் படிப்புக்கென்று கடன்பட்டுப் பிரிண்டர் வாங்கியவர்கள்.

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் வீட்டுக்கு வீடு பிரிண்டர் வரத் தொடங்கியது. ஆசிரியர்கள் பயிற்சித் தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அச்செடுத்துக் கொடுப்பது பெற்றோரின் வேலையாயிற்று. பாடசாலைகள் திறந்த பின்னும் அந்தப் பழக்கம் நின்றபாடில்லை. ஒன்றாம், இரண்டாம் தரத்துப் பிள்ளைகளுக்கு வரும் தாள்களில் யானையும் மாம்பழமும் தேசியக் கொடியும் முழு வண்ணத்தில் இருக்கும். கடைக்குப் போன பெற்றோர் இருப்பதில் விலை குறைந்த பிரிண்டரைத்தான் தூக்கி வந்தார்கள். அதிலே பிழை சொல்ல முடியாது. விலைச்சீட்டில் எழுதியிருந்தது அந்த ஒரு தொகை மட்டும்தானே! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை மை முடியும்போதுதான் தெரிய வருகிறது.

அண்மையில் பாமன்கடையிலிருந்து ஒரு தாய் வந்தார். கைப்பையில் பிரிண்டருக்குள் போடும் மைக்கூடுகள்: கறுப்பு காட்ரிஜ் ஒன்றும் வண்ணக் காட்ரிஜ் ஒன்றும். இரண்டும் முடிந்துவிட்டதாக மெஷின் சொல்கிறதாம். இரண்டையும் புதிதாக வாங்க விலை கேட்டிருக்கிறார். பிரிண்டர் வாங்கிய விலையை நெருங்கிவிட்டது. "அப்படியென்றால் புதுப் பிரிண்டரையே வாங்கிவிடலாமா, அக்கா?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த வண்ணக் காட்ரிஜை எடுத்து, அதன் அடிப்பக்கத்தை மெல்லிய ரிசுத் தாளில் ஒற்றிக் காட்டினேன். தாளில் மூன்று கோடுகள் விழுந்தன. நீலமும் மஞ்சளும் பளிச்சென்று ஊறிப் பரவின. சிவப்பு இருந்த இடத்தில் வெளிறிய கீறல் மட்டும். ஒரு நிறம் முடிந்ததற்காக மற்ற இரண்டையும் சேர்த்துக் குப்பையில் போடச் சொல்கிறது அந்த மெஷின். சிவப்பு அறையில் ஊசியால் சில மில்லிலீற்றர் மை ஏற்றிக் கொடுத்தேன். இன்றும் அதே காட்ரிஜில்தான் அச்செடுக்கிறார்.

புதுப் பிரிண்டர் வாங்கினாலும் அவருக்கு விடிவு இல்லை. பிரிண்டரோடு வரும் முதல் காட்ரிஜ்கள் பலவற்றில் கடையில் விற்பதை விடக் குறைவாகவே மை இருக்கும். மலிவான பிரிண்டர்களுக்கு விற்கப்படும் சிறிய காட்ரிஜ்கள் பலவற்றில் 10 மில்லிலீற்றர்கூட இல்லை. இரண்டு தேக்கரண்டிக்குக் காணாது. அதிலும் எல்லாம் தாளுக்குப் போவதில்லை. மெஷினைப் போடும்போதும், இடையிடையே மையைத் தெளிக்கும் அச்சுத் தலையைச் சுத்தம் செய்யும்போதும் அது கொஞ்சம் மையைத் தானே துப்பி, அடியிலுள்ள பஞ்சுப் பட்டையில் விட்டுவிடுகிறது. எப்போதாவது ஒரு தாள் எடுக்கும் வீட்டில், அச்சாகும் மையை விடக் கழுவிப் போகும் மை கூடினாலும் ஆச்சரியமில்லை. அந்தப் பஞ்சு நிரம்பியதாகக் கணக்குக் காட்டும் நாளில் மெஷின் வேலைநிறுத்தம் செய்துவிடும். பழுது என்று நினைத்து எறிகிறார்கள். பஞ்சை மாற்றி, கணக்கைப் பூச்சியமாக்கினால் மீண்டும் ஓடும். திருத்தத் தெரிந்தவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சில காட்ரிஜ்களில் அச்சுத் தலையும் சேர்ந்தே இருக்கிறது, அதற்கும் விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலை இல்லாத, வெறும் பிளாஸ்டிக் கூடு மட்டுமான காட்ரிஜுக்கும் ஏன் இந்த விலை? கூட்டின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிய சிப் ஒன்று ஒட்டியிருக்கும். எவ்வளவு மை போனது என்ற கணக்கை வைத்திருப்பது அதன் வேலை. மை உண்மையில் எவ்வளவு மீதி என்று பல மெஷின்களுக்குத் தெரியாது. துளிகளை எண்ணி, முடிந்திருக்கும் என்று ஊகித்து நிறுத்துகின்றன. அதே சிப்தான் வேறு கம்பனியின் காட்ரிஜைப் போட்டால் கதவைச் சாத்துவதற்கும் பயன்படுகிறது.

இது என் கற்பனை அல்ல. 2016 செப்டெம்பர் 13ஆம் திகதி, உலகின் பல நாடுகளிலும் எச்.பி. நிறுவனத்தின் சில வகை பிரிண்டர்கள், முதல் நாள்வரை ஏற்றுக்கொண்ட வேறு கம்பனிக் காட்ரிஜ்களைத் திடீரென்று மறுத்தன. முன்பே அனுப்பி வைத்திருந்த மென்பொருளுக்குள் அந்தத் தடை இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, தடையை நீக்கும் மென்பொருளைத் தருவதாகச் சொன்னது. 2022இன் தொடக்கத்தில் இன்னொரு பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. கெனன் நிறுவனம் தன் அலுவலகப் பிரிண்டர்கள் சிலவற்றுக்குச் சிப் இல்லாமலே டோனர் (மைக்குப் பதிலாகப் போடும் தூள்) கூடுகளை அனுப்பி, மெஷின் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டிப் போவது எப்படி என்று வாடிக்கையாளர்களுக்குத் தானே சொல்லிக் கொடுத்தது. சிப் இல்லாமலும் அச்சு நன்றாகவே விழுந்தது.

மீள்நிரப்புவது சட்டவிரோதமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறவர்களும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருள் உங்களுடையது. இதே விடயத்தில் லெக்ஸ்மார்க் நிறுவனம், காட்ரிஜ்களை மீள்நிரப்பி விற்ற ஒரு சிறிய நிறுவனத்துக்கு எதிராக வழக்காடி, அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை போனது. விற்ற பிறகு அந்தப் பொருளின் மீது காப்புரிமையைக் காட்டிக் கட்டுப்படுத்த முடியாது என்று 2017 மே 30இல் தீர்ப்பு வந்தது. அது அமெரிக்கத் தீர்ப்புத்தான், நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பயந்து பயந்து மை நிரப்ப வேண்டியதில்லை என்று சொல்ல அது எனக்குப் போதும்.

நம் நாட்டில் இந்தச் சுமை இரட்டிப்பாக விழுகிறது. மை இறக்குமதிப் பொருள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியபோது மையும் கூடவே ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாயிற்று. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளையே தாளும் மையும் இல்லையென்று ஒத்திவைத்தார்களே, அந்த நாட்கள் யாருக்காவது மறந்திருக்குமா? டொலர் கொடுத்துக் கொண்டுவந்த மையைப் பாதியில் எறியச் சொல்லும் மெஷின்களுக்கு இந்த நாட்டில் என்ன இடம்?

மாற்று வழி இல்லாமலில்லை. காட்ரிஜுக்குப் பதிலாக மைத் தாங்கி வைத்த பிரிண்டர் முதல் வாங்கும்போது விலை கூடத்தான். ஆனால் 65, 70 மில்லிலீற்றர் போத்தலாக மை கிடைக்கிறது. கறுப்புப் போத்தல் ஒன்றுக்கு நாலாயிரம் பக்கமளவு என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்தத் தாங்கி வந்த கதையும் சொல்ல வேண்டியது. இந்தோனேசியாவில் சாதாரணக் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே போத்தல்களை வைத்து, குழாய் பொருத்தி மை ஓட விட்டார்கள். அதைத் தடுக்க முடியாத நிலையில்தான் எப்சன் நிறுவனம் 2010இல் அதே நாட்டில் தாங்கிப் பிரிண்டரை முதன்முதலில் விற்பனைக்கு விட்டது. நம்மைப் போன்ற சின்னக் கடைக்காரர்களின் கைவேலைதான் பெரிய கம்பனியை இறங்கிவரச் செய்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கறுப்பு எழுத்து மட்டும் போதுமானவர்கள், ரியூசன் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளின் எழுதுவினைஞர்களும், சிறிய லேசர் பிரிண்டர் வாங்குவதே மேல். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் டோனர் தூள் காய்ந்துபோகாது. நிரப்பியும் கொடுப்பார்கள்.

ஏற்கெனவே காட்ரிஜ் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் மீள்நிரப்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள், கையில் கிடைத்த மையை ஊற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பல பிரிண்டர்களில் கறுப்பு, நுண்துகள் கலந்த மை. வண்ணங்கள் கரையும் சாய மை. இரண்டையும் மாற்றி ஊற்றினால் அச்சுத் தலையின் நுண்துளைகள் அடைபட்டுவிடும். அடைபடாவிட்டாலும் சாய மையில் எடுத்த கடிதத்தில் ஒரு மழைத்துளி பட்டால் போதும், எழுத்துக் கரைந்து ஓடும். என்ன வகை மை ஊற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் காட்ரிஜைக் கொடுக்காதீர்கள். காட்ரிஜ் அடியோடு காய்வதற்கு முன்பே கொண்டுபோங்கள். கிழமைக்கு ஒரு தாளாவது அச்செடுங்கள். பிள்ளையின் பயிற்சித் தாளுக்கு மை குறைவாகப் பிடிக்கும் 'டிராஃப்ட்' தரம் தாராளமாகப் போதும். ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: யானைக்கு வண்ணம் பூசுவதைப் பிள்ளையிடமே விட்டு, தாளைக் கறுப்புக் கோட்டுப் படமாக அனுப்பலாகாதா?

நான் இத்தனையும் எழுதியது ஒரு கோரிக்கைக்காக. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருட்களில் என்ன விபரம் எழுதப்பட வேண்டும், விலை எப்படிக் குறிக்கப்பட வேண்டும் என்று பணிப்புரை விடுக்கும் அதிகாரம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு இருக்கிறது. விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு பிரிண்டரின் விலைச்சீட்டிலும் மும்மொழியிலும் இவற்றையும் எழுத வேண்டும் என்று உத்தரவிடட்டும்: மாற்றுக் காட்ரிஜின் அல்லது போத்தலின் இன்றைய விலை, அதில் எத்தனை மில்லிலீற்றர் மை, எத்தனை பக்கம் வரும், வேறு கம்பனி மையை இந்த மெஷின் ஏற்குமா ஏற்காதா. பக்கக் கணக்கை அளக்க ஐ.எஸ்.ஓ. 24711 என்ற சர்வதேசத் தரம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஆய்வுகூடம் கட்டத் தேவையில்லை. கம்பனிகளிடம் கணக்கு உண்டு. இப்போது அது பெட்டியின் மூலையில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் எழுத்தில், ஆங்கிலத்தில் கிடக்கிறது. பல பெட்டிகளில் அதுவும் இல்லை.

பிரிண்டர் வாங்கி ஏமாந்ததாக நினைப்பவர்கள் பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடுங்கள். முறைப்பாடுகள் குவிந்தால்தான் அதிகாரசபை இந்தப் பக்கம் திரும்பும். இறக்குமதியாளர்களும் உங்கள் பத்திரிகையை வாசிப்பவர்கள்தான். ஒரு மில்லிலீற்றர் மை துறைமுகத்துக்கு என்ன விலையில் வந்து சேர்கிறது, பாமன்கடைத் தாயின் கைக்கு என்ன விலையில் போகிறது என்பதை அவர்களில் ஒருவராவது இந்தப் பகுதியில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சு, நிழற்பிரதிக் கடை நடத்தும் வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.