சண்டியரைக் குறைச்சு சீவல்காரரை எழுது

மட்டக்களப்பு

அன்பு மச்சான்,

இங்க எல்லாரும் சுகம். மாமிக்குச் சீனி வருத்தம் இப்ப கட்டுக்குள்ள. சின்னவள் சாதாரண தரம் பாஸ். உன்ர வளவுக்கு வேலி அடைச்சாச்சு, கணக்கு வேறா அனுப்புறன்.

ஒரு துக்கச் செய்தி. மரம் ஏறிக் கள்ளு இறக்கின நம்மட சீவல்கார அப்பு போன கிழமை மோசம் போயிற்றார். ஊர்ச் சங்க மலருக்கு நீ எழுதின கட்டுரையும் அதே கிழமைதான் வந்து சேர்ந்தது. முழுக்க வாசிச்சன். சண்டியர் எப்பிடிச் சாரம் கட்டினார்கள், எப்பிடி மீசை முறுக்கினார்கள், கோட்டமுனைப் பாலத்து ஓட்டம் எல்லாம் இருக்கு. தவறணையில (கள்ளுக்கடையில) கள்ளுக் குடிச்சார்கள் எண்டும் இருக்கு. அந்தக் கள்ளை மரத்தில ஏறி இறக்கின மனிசரைப் பற்றி ஒரு வரி இல்ல. அப்புவின்ர மரத்தடியில விளையாடி வளர்ந்தவன் நீ. இது உனக்கு அழகில்ல மச்சான்.

கள்ளு எப்பிடி வருகுது எண்டு நம்மட பிள்ளைகளுக்குத் தெரியாது. முதலில அதைப் போடு. தென்னையில விரியாத பாளைதான் வேணும். வெடிக்கக் கிட்டின, அடி பருத்த பாளையாகப் பார்த்து, நாரால இறுக்கிச் சுற்றுறது. சுற்று இளகினால் உள்ளுக்குப் பூ விரிஞ்சு பாளை வெடிச்சிடும், அந்தப் பாளை அதோட சரி. மறுகா காலையும் பின்னேரமும் தட்டுப்பொல்லால சுற்றிவரத் தட்டுறது. கை பாரமாகினால் உள்ளுக்குப் பூ நசிஞ்சு அழுகும். கை இலேசாகினால் ஒண்டும் இறங்காது. இந்தக் கையளவு படிச்சு வாறதில்ல, வருசக்கணக்கில பழகி வாறது. ஒரு கிழமை, சில மரத்துக்கு இரண்டு கிழமையும், இப்பிடித் தட்டித் தட்டி, பாளையை எல்லுப்போல எல்லுப்போலக் கீழ வளைச்சு, நுனியைச் சீவினால்தான் சொட்டத் தொடங்கும்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை சீவல். ஊடு தெரியிற மெல்லிசாகச் சீவ வேணும். மொத்தமாகச் சீவினால் பாளை கெதியில முடிஞ்சிடும். சீவாமல் விட்டால் வாய் காய்ஞ்சு அடைச்சிடும். சீவல்காரருக்குப் பெருநாளும் இல்ல, செத்தவீடும் இல்ல எண்டு சொல்றது இதனாலதான். காலில தளநார் (ஏறக் காலில மாட்டுற நார் வளையம்), இடுப்பில கத்திக்கூடு, மழை நேரம் வழுக்குற மரம். இவ்வளவுக்கும் ஒரு நல்ல மரம் நாளைக்கு ஒரு லீற்றர், மிஞ்சினால் இரண்டு லீற்றர் தரும்.

முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பணி. பூசாமல் விட்டால் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கும். காற்றிலயும் முட்டியின்ர அடியிலயும் இருக்கிற மதுவமே (ஈஸ்ட்) அதுக்குப் போதும். காலையில இறக்கிப் பன்னாடையால வடிச்சது மத்தியானம் நல்ல பதத்துக்கு வரும், மதுசாரம் 4 தொடக்கம் 6 வீதம். அடுத்த நாள் ஒரே புளிப்பு, அதுக்கங்கால வினாகிரி. “முந்தநாள் கள்ளை விடிய விடியக் குடித்தார்கள்” எண்டு எழுதியிருக்கிறாய். அதை வெட்டு. முந்தநாள் கள்ளில மீனைத்தான் ஊறப்போடலாம். பனங்கள்ளுப் பந்தியிலயும் ஒரு திருத்தம்: பனை தை தொடங்கி ஆடி மட்டும்தான், வருசம் முழுக்கத் தாறது தென்னை. வாவிக்குக் கிழக்கால, கடல் பக்கம் இருக்கிற நம்மட எழுவான்கரைத் தவறணைகள் தென்னையை நம்பி இருந்தவை.

இனிச் சண்டியருக்கு வாறன். அவர்கள் ஏதோ வீரப் பரம்பரையில வந்த மாதிரி நீ தொடங்குறாய். அப்பிடி இல்ல. வெள்ளைக்காரன் காலத்தில கள்ளும் சாராயமும் விக்கிற உரிமையை அரசாங்கம் ஏலத்தில குத்தகைக்கு விட்டது. 1912இல மதுவரிச் சட்டம் வந்தது. நாடு முழுக்க மது ஒழிப்புக் கூட்டங்கள் சூடு பிடிச்சதும் அந்த வருசம்தான். ஊரார் வாக்குப் போட்டுத் தவறணையை மூடுவிக்கிற முறையும் பிறகு வந்தது. குத்தகைக்காரனின்ர நிலைமையை யோசிச்சுப் பார். குத்தகைக் காசு கட்டியாச்சு. சரக்கு ஒரு நாளில புளிச்சிடும். வாறவன் பாதிப்பேர் கடன் கொப்பியில. அங்கதான் சண்டியன் தேவைப்பட்டான். கடன் அறவிடுறது, வாய்ச்சண்டை கைச்சண்டையாக முதல் ஆளைத் தோளில பிடிச்சு வெளிய கொண்டுபோய் விடுறது, பக்கத்தில களவாக விக்கிறவனைக் கிளப்புறது. அதுக்குக் கூலியாகக் குடியும் கைச்செலவும். தேர்தல் வந்தால் அதே ஆளை அரசியல்காரர் கூலிக்குப் பிடிச்சார்கள். இதை விட்டிட்டு மீசையை மட்டும் எழுதினால் படிக்கிற பொடியன் என்ன விளங்குவான்?

திருக்கைவாலை வெறுமனே சாட்டை எண்டு எழுதியிருக்கிறாய். வாலை வெட்டி, காயவைச்சு, எண்ணெய் பூசிப் பூசி வைச்சால் வளையும், ஒடியாது. மேல்தோல் அரம் மாதிரி. பட்ட இடம் கிழிஞ்சு, ஆற நல்லாச் சுணங்கும். வில்லுக்கத்தியை மடியில வைச்சிருந்தவனும் வாலைக் கண்டால் ஒதுங்கினது அதனாலதான். நீ விட்ட ஒரு நல்ல விசயம்: எந்தச் சண்டியனும் வாத்தியாரைக் கண்டால் சண்டிக்கட்டை (மடிச்சுக் கட்டின சாரத்தை) அவிழ்த்து விட்டிட்டுத்தான் நிப்பான். கொம்புமுறி விளையாட்டு நடந்த காலங்களில வடசேரி, தென்சேரி எண்டு பிரிஞ்சு இழுக்கேக்க தோள் குடுத்தவர்களிலயும் அவர்கள் இருந்தார்கள். அதை எழுது, நான் வேண்டாம் எண்டு சொல்லல்ல. (உனக்குச் சண்டிக்கட்டுக் கட்டத் தெரியாது, அவிழும் எண்டு பெல்ட் போட்டவன் நீ. அதை மலரில போட மாட்டன்.)

ஆனால் மச்சான், தவறணை வாசலில பிள்ளையைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்ட பெண்டுகளை எங்க விட்டனீ? உள்ளுக்குப் போன காசு வாவிக்கு மேற்கால படுவான்கரையில நெல் வெட்டின கூலி, வாவியில வலை வீசின இறால் காசு. அப்புவின்ர கையால வந்த கள்ளை ருசிச்சுக் குடிச்ச பெரிய மனிசர் அவருக்குத் தங்கட வீட்டில கதிரை போடல்ல. சாதி எண்ட சொல்லே உன்ர கட்டுரையில இல்ல. அந்தக் காலத்தில எல்லாரும் ஒற்றுமையாக இருந்தம் எண்டு முடிச்சிருக்கிறாய். யார் வாங்கில இருந்தது, யார் நிலத்தில குந்தினது எண்டு உனக்கும் எனக்கும் தெரியும். அதை மறைச்சு எழுதக்கூடாது.

முடிவையும் மாத்து. வைன் ஸ்டோர் வந்ததால தவறணை அழிஞ்சது எண்டு எழுதியிருக்கிறாய். அதுக்கு முதலே அடி விழுந்திட்டு. 1978 கார்த்திகை 23 சூறாவளி ஒரே இரவில தென்னந்தோப்புகளை முறிச்சுப் போட்டது. புதுக்கண்டு வைச்சால் பாளை விட ஆறேழு வருசம். அந்தக் கண்டுகள் பாளை விட்ட நேரம் யுத்தமும் துவக்கும் வந்திட்டு. துவக்குக்கு முன்னால திருக்கைவால் எந்த மூலைக்கு? சண்டியர் காலம் முடிஞ்சது அங்கதான். இருட்டினால் தெருவில ஆளில்ல, மரத்து வட்டில (உச்சியில) நிக்கிறவன் தூரத்துக்குத் தெரிவான், ஏறவே பயம். கல்லடி, நாவலடிப் பக்கம் மிஞ்சின மரங்களையும் 2004 மார்கழி 26 கடல் அடிச்சது.

இப்பத்தைய நிலைமை எனக்குப் பெரிய கவலை. சாராயத்தில மதுசாரம் 33.5 வீதம். வரி ஏற ஏறக் கூலிக்காரனுக்குக் கை எட்டாது. அவன் கசிப்புக்கு, களவாக வடிக்கிற சாராயத்துக்குப் போறான். போயாவுக்கு (பௌர்ணமி நாளுக்கு) கடை பூட்டினால் கசிப்புக்கு நல்ல ஓட்டம். தொழிற்சாலை ஸ்பிரிட் கலந்திருந்தால் அதில இருக்கிற மெதனோல் உடம்புக்குள்ள போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைப் பிடிக்கும். பார்வை மங்கினால் நித்திரைக்கு விடாமல் உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். இதையும் ஒரு பெட்டி போட்டு எழுது. கள்ளு எண்டு விக்கிறதிலயும் சீனிக் கள்ளு கலந்து வருகுது. உண்மைக் கள்ளு காலையில ஒரு ருசி, பின்னேரம் வேற ருசி. நாள் முழுக்க ஒரே ருசி நிண்டால் அதைத் தொடாத.

அப்புவின்ர மகன் மரம் ஏறுறதை விட்டிட்டான், ஆனால் பாளை கட்டத் தெரியும். பாளைக்கத்தி, கத்திக்கூடு, தட்டுப்பொல்லு, தளநார் எல்லாம் அவனிட்ட பத்திரமா இருக்கு. வாற ஞாயிறு படம் எடுத்து அனுப்புறன்; எது எது எண்டு அவனையே கேட்டு எழுதி விடுறன், படத்துக்குக் கீழ பேர் மாறாமல் போடு. சண்டியரின்ர பேர்களை எல்லாம் எடுத்திடு, அவர்களின்ர பேரப்பிள்ளைகள் இங்க பள்ளிக்கூடம் போகுதுகள். அப்புவின்ர பேரைப் போட மகனிட்டச் சம்மதம் கேட்டன், சந்தோசமாகத் தந்தான். அச்சுக்குக் குடுக்க முதல் ஒருக்கா எனக்கு அனுப்பு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
மச்சான்